ரிவைவல் பண்ணா மூணு வருஷம் முதல்லேர்ந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க தெருவுல ஒரு விவசாயி ஹார்ட் அட்டாக்குல போயிட்டார், லைஃப் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து எட்டு வருஷம் ஆச்சு, ஆனா கிளெய்ம் தர முடியாதுன்னு கம்பெனிலேர்ந்து லெட்டர் வந்துடுச்சு. நடுவுல பிரீமியம் கட்டாம லேப்ஸ் ஆன, அதாவது செல்லாமப் போன பாலிசிய ரிவைவல் பண்ணி புதுப்பிச்சப்போ குடுத்த ஹெல்த் ஃபார்ம்ல சுகர் இருக்கறத மறைச்சிட்டாராம். அந்த ஃபார்ம் காப்பிய நானே பாத்தேன், எல்லாக் கேள்விக்கும் இங்கிலீஷ்ல வரிசையா 'நோ', கீழ தமிழ்ல அவர் கையெழுத்து. ரெண்டும் ஒரே கை எழுதினது இல்ல.

1938 இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவுல, 2015 திருத்தத்துக்கு அப்புறம், மூணு வருஷம் தாண்டின லைஃப் பாலிசிய கம்பெனி எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேக்க முடியாது. ஆனா அந்த மூணு வருஷத்த பாலிசி குடுத்த தேதி, ரிஸ்க் ஆரம்பிச்ச தேதி, ரிவைவல் தேதி, ரைடர் (பாலிசியோட சேத்து எடுக்கற கூடுதல் பாதுகாப்பு) சேர்த்த தேதி இதுல எது கடைசியோ அதுலேர்ந்துதான் எண்ணணும். புதுப்பிச்ச அன்னிக்கு கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது, இத எந்த ஏஜென்ட்டும் சொல்றதில்ல.

டெல்டாவுல இது ரொம்பப் பேர அடிக்கும் சார். சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டு பேங்க்ல காசு ஏற மாசி ஆயிடும், பிரீமியம் கட்டவேண்டிய டியூ தேதி ஐப்பசியில இருந்தா அப்ப கைல இருக்கறது உரத்துக்கும் களை எடுக்கறதுக்குமே பத்தாது, வருஷ பிரீமியத்துக்கு டியூ தாண்டி குடுக்கற கிரேஸ் டைம் 30 நாள்தான், அப்புறம் லேப்ஸ். புதுசா எடுக்கறவங்க டியூ மாசி பங்குனில விழற மாதிரி எடுங்க. ரிவைவல்னா ஃபார்ம யாராவது படிச்சுக் காட்டாம கையெழுத்து போடாதீங்க, மாத்திரை சாப்பிட்டா சாப்பிடுறேன்னே எழுதச் சொல்லுங்க.

கிளெய்ம் மறுத்தாங்கன்னா விட்டுடாதீங்க. காரணத்த எழுத்துல குடுக்கணும். மோசடின்னு இல்லாம தப்பான தகவல்னு மட்டும் சொல்லி மறுத்தா, அந்த விவரம் தெரிஞ்சிருந்தா பாலிசியே குடுத்திருக்க மாட்டோம்னு கம்பெனிதான் காட்டணும், கட்டின பிரீமியத்த 90 நாள்ல திருப்பித் தரணும். மொதல்ல கம்பெனிக்கு புகார் எழுதி, ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு ஒரு வருஷத்துக்குள்ள எழுதலாம், காரைக்கால் காரங்களுக்கும் அதே ஆபீஸ்தான், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம்.

ரிவைவல் ரசீதுலயே 'இந்தப் பாலிசிய இந்தத் தேதி வரைக்கும் கம்பெனி கேள்வி கேக்கலாம்'னு தமிழ்ல பெருசா அச்சடிக்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ உத்தரவு போடணும், உங்க பேப்பர் இத எடுத்து எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்