பி.ஏ. வேலைய பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற வேலைவாய்ப்பு பக்கத்தை எங்க வீட்ல எல்லாருமே படிக்கிறோம், ஐ.டி., நர்சிங், பேங்க் எக்ஸாம்னு நிறைய போடறீங்க, ஆனா பர்சனல் அசிஸ்டன்ட், அதாவது பி.ஏ. வேலைய பத்தி ஒரு வரி கூட வர்றதில்லங்கறது எனக்கு ரொம்ப நாளா மனக்குறை. நான் ஆம்பூர் பக்கம் ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல எம்.டி.க்கு பி.ஏ.வா இருக்கேன். நம்ம வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி சுத்தி தோல் கம்பெனி, ஆஸ்பத்திரி, காலேஜ், சிப்காட் ஃபேக்டரின்னு இவ்ளோ இருக்கு, எல்லா எடத்துலயும் இந்த வேலைக்கு ஆள் வேணும். ஆனா டிகிரி முடிச்ச புள்ளைங்க "ஃபோன் எடுக்கற வேலை தானே அக்கா"ன்னு கேக்கறாங்க.

இதை கேளுங்க. எங்க ஷூவ வாங்கற ஜெர்மனி பையர் கூட வெள்ளிக்கிழமை வீடியோ கால், அவங்களுக்கு காலைல 10 மணி, நமக்கு மதியம் 2.30. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருவாங்க, அப்புறம் அதே 10 மணி நமக்கு 1.30 ஆயிடும், அந்த நேரத்துல எங்க சார் ஜும்மா தொழுகையில இருப்பார். இது யாரும் சொல்லி வராது, பி.ஏ. தான் முன்கூட்டியே பாத்து பையருக்கு மெயில் போட்டு டைம் மாத்தி வெக்கணும். மீட்டிங்ல பேசுனதை அன்னிக்கு சாயந்திரமே மினிட்ஸா, அதாவது மீட்டிங் குறிப்பா எழுதி அனுப்பணும், யாரு எதை எந்த தேதிக்குள்ள முடிக்கணும்னு தெளிவா இருக்கணும். அப்புறம் இன்க்ரிமென்ட் லிஸ்ட் நம்ம கையால தான் டைப் ஆகும், கூட பஸ்ல வர்ற ஃப்ரெண்டோட பேரும் அதுல இருக்கும், வாயே தொறக்க கூடாது. எனக்கு இந்த வேலையில கஷ்டமானது இது தான்.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, டைப்ரைட்டிங்கை விட்டுடாதீங்க. அரசு தொழில்நுட்ப தேர்வுல இங்கிலீஷ் ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. முடிஞ்சா ஷார்ட்ஹேண்டும் (சுருக்கெழுத்து) படிங்க, அதுல நிமிஷத்துக்கு ஜூனியருக்கு 80 வார்த்தை, சீனியருக்கு 120. இப்ப எல்லாம் ரெக்கார்ட் பண்ணிக்கலாமேன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா கார்ல போயினே சார் சொல்ற லெட்டரை எழுதிக்கறதுக்கு அதை விட வேகமான வழிய நான் பாக்கல. இதே படிப்புக்கு அரசு வேலையும் இருக்கு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4ல டைப்பிஸ்ட், ஸ்டெனோ டைப்பிஸ்ட் போஸ்டிங் வருது, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராஃபர் தேர்வை பிளஸ் டூ முடிச்சவங்களே எழுதலாம், அதுல 10 நிமிஷம் டிக்டேஷன், அவங்க சொல்ல சொல்ல ஷார்ட்ஹேண்ட்ல எழுதணும், வேகம் டி கிரேடுக்கு நிமிஷத்துக்கு 80 வார்த்தை, சி கிரேடுக்கு 100. எக்செல், நல்லா இங்கிலீஷ் மெயில் எழுதறது, இந்த ரெண்டும் கட்டாயம் வேணும்.

இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல "லேடி பி.ஏ. தேவை, ஃபோட்டோ அனுப்பவும்"னு வெறும் நம்பரோட சுத்தற விளம்பரத்துக்கு தயவுசெஞ்சி ஃபோட்டோ அனுப்பாதீங்க. கம்பெனி பேரு, ஆபீஸ் அட்ரஸ், என்ன வேலைன்னு மொதல்ல கேளுங்க. வேலை குடுக்கறேன்னு டெபாசிட் கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க. பசங்களும் இந்த வேலைக்கு வரலாம், இது பொம்பளைங்க வேலைன்னு யாரு சொன்னது.

டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட கடைசி தேதி எப்ப வந்தாலும் அதை நம்ம வேலூர் பக்கத்துல பெரிய எழுத்துல போடுங்க சார், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் கிராமத்துல இருக்கற புள்ளைங்களுக்கு அது தெரியாமலே போயிடுது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்