தமிழ்ப்பள்ளிச் சாலை மரங்களை வேர்நோயிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தமிழ்ப்பள்ளிச் சாலைக் குடியிருப்பாளர்கள்
பெறுநர்: தலைவர் அவர்கள், மாவட்ட மன்றம்
(மலாய்ப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது)

பொருள்: நோயுற்ற 2 மரங்களை வேரோடு அகற்றி, மீதி 9 மரங்களைப் பரிசோதிக்காமல் வெட்டாதிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சாலையில் நிற்கும் 11 தூங்குமூஞ்சி மரங்களுக்கும் சிவப்புச் சாயத்தில் குறி போட்டிருக்கிறார்கள். குத்தகைக்காரரின் ஆட்களைக் கேட்டால், எல்லாவற்றையும் வெட்டப்போவதாகச் சொல்கிறார்கள். 2 மரங்களை உடனே எடுத்தே ஆக வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மற்ற 9 மரங்களைப் பரிசோதிக்காமல் வெட்ட வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

இதை எழுதும் நான் தோட்டத்தில் 26 வருடம் வேலை செய்தவன். பால்மர (ரப்பர்) காட்டில் வேர்நோய் பார்ப்பது என் பொறுப்பு. அடிமரத்து மண்ணை விலக்கி, வேரில் பூஞ்சையின் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். சந்தேகம் இருந்தால் அடியைச் சுற்றிக் காய்ந்த புல்லைக் குவித்து வைப்போம். நோய் இருந்தால் சில வாரத்தில் அந்த நூல் மேலே ஏறி வந்துவிடும். போன மாதம் எங்கள் சாலை மரங்களின் அடியையும் அதே போல மண் விலக்கிப் பார்த்தேன்.

பள்ளி வாசல் மரத்தில் இலை சிறுத்து, வெளுத்து, உச்சியில் வானம் தெரிகிறது. அடிமரத்தில் காலுறை மாட்டியது போல ஒரு கரும்பழுப்புப் பொருக்கு. மண்ணும் சிறு கல்லும் அதில் ஒட்டியிருக்கின்றன. விரலால் அழுத்தியதும் பட்டை கழன்று வந்தது. உள்ளே கட்டையில் தேன்கூடு போலப் பழுப்புக் கோடுகள். இது பழுப்பு வேர்நோய். பஸ் நிறுத்தத்து மரத்தில் இருப்பது வேறு: சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு காளான், மேலே மெருகேற்றிய செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. கீழே கிடக்கும் சருகெல்லாம் மைலோ தூவியது போலப் பழுப்புத் தூள். செம்பனை வேலைக்காரர்களைக் கேளுங்கள், கனோடெர்மா என்று உடனே சொல்வார்கள். செம்பனையை அழிப்பதும் அந்த இனத்துப் பூஞ்சைதான். இந்தக் காளான் வெளியே தெரியும்போது உள்ளே எப்போதோ உளுத்திருக்கும். பாராங்கத்தியின் பின்பக்கத்தால் தட்டினேன், மேளம் போலச் சத்தம் வந்தது. அதன் கீழேதான் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ஐயா, வாசல் மரத்துக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2 வருடத்துக்கு முன் பக்கத்து மரத்தை வெட்டியவர்கள் அடிக்கட்டையை விட்டுவிட்டு, மேலே தார் பூசிப் போனார்கள். பழுப்பு வேர்நோய்ப் பூஞ்சை செத்த வேரிலும் பல வருடம் உயிரோடு இருக்கும். வேரும் வேரும் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். அந்தக் கட்டையையும் தோண்டிப் பார்த்தேன், அதே பொருக்கு. இப்போது 11 மரத்தையும் வெட்டிக் கட்டைகளை அப்படியே விட்டால், அடுத்து நடும் கன்றுகளும் சாகும்.

ஆகவே அந்தப் பழைய கட்டையையும், நோயுற்ற 2 மரங்களின் கட்டைகளையும், எட்டுகிற வேர்களையும் தோண்டி அப்புறப்படுத்துங்கள். அறுக்கும்போது விழும் மரத்தூளை எந்த மரத்தடியிலும் போட வேண்டாம். ரம்பத்தைக் கழுவி, சாராயக் கரைசலால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகச் சொல்லுங்கள். நல்ல மரங்களை நோக்கிப் போகும் வேர்களைத் துண்டிக்க இடையில் அகழி வெட்ட வேண்டும். எவ்வளவு தள்ளி வெட்டுவது என்பதை மர நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும், மிக அருகில் வெட்டினால் நல்ல மரமே சாய்ந்துவிடும். மருந்து ஊற்றலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பால்மரத்தில் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறோம். இந்த 2 மரங்களுக்கும் அந்தக் காலம் கடந்துவிட்டது.

மீதி 9 மரங்களின் உள்பகுதியை ஒலி அலைக் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். புல் வெட்டும் மிஷின் அடிமரத்தைக் கிழிக்காதபடி சுற்றிலும் 1 மீட்டர் இடம் விடச் சொல்லுங்கள், அந்தக் காயத்தின் வழியாகவும் பூஞ்சை நுழையும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டக்கூடாது என்கிறது. எங்கள் மரங்களை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

சாயங்காலம் இலை மூடுவதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நேரம் சொன்னார்கள். மலாய்க்கார அண்டை வீட்டார் இதைப் புக்குல் லீமா, அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள்.

ஆண்டுக் கடைசியில் வரும் மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் உங்கள் அதிகாரியை அனுப்பி வையுங்கள். மண்வெட்டியோடு நான் கூட வருகிறேன். அதுவரை பஸ் நிறுத்தத்து மரத்தைச் சுற்றி இந்த வாரமே வேலி போட்டு, பிள்ளைகள் நிற்கும் இடத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி