எழுதப்படாத மணி நேரமும் விலகிச் செல்லும் இளம் கணக்காளர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணக்கியல், தணிக்கைத் துறைகளுக்கு இளைஞர்கள் வருவது குறைகிறது, வந்தவர்களும் சில ஆண்டுகளிலேயே விலகிவிடுகிறார்கள் என்ற கவலை பல நாடுகளிலும் எழுந்துள்ளது. அமெரிக்காவில் இரண்டே ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமான கணக்காளர்களும் தணிக்கையாளர்களும் வேலையை விட்டதாக 2022-இல் செய்தி வெளியானது.

இதற்குத் தீர்வாக முதலில் கையில் எடுக்கப்படுவது தகுதி பெறும் பாதையைச் சுருக்குவதுதான். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2023-இல் பட்டயக் கணக்காளரிடம் வேலை செய்தபடியே கற்கும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியை 3 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைத்தது. அமெரிக்காவில் கணக்காளர்களுக்கான சிபிஏ உரிமம் பெற நான்காண்டுப் பட்டத்துக்கு மேலும் ஏறத்தாழ ஓராண்டு படிக்க வைக்கும் விதியைத் தளர்த்தி, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் மாற்று வழியை ஏற்றுள்ளன. இவை வரவேற்கத்தக்கவை, ஆனால் வருகிறவர்களுக்கான ஏற்பாடுகளே தவிர, சேர்ந்தவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இவற்றில் விடை இல்லை. சம்பளமும் ஒரு காரணம்தான். அது பெரிய விஷயமல்ல என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல சம்பளம் வாங்குபவர்களாகவே இருக்கிறார்கள்.

நான் கவனப்படுத்த விரும்புவது அதிகம் பேசப்படாத டைம் ஷீட்டை, அதாவது எந்தப் பணிக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்று ஊழியர் எழுதித் தரும் பதிவை. ஒவ்வொரு தணிக்கைப் பணிக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. வாடிக்கையாளருக்கு வர வேண்டிய நிலுவைகளைச் சரிபார்க்கப் புதியவர் ஒருவருக்கு 20 மணி நேரம் தரப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். லெட்ஜரின் (பேரேட்டின்) மொத்தமும் நிலுவைப் பட்டியலின் மொத்தமும் பொருந்தவில்லை. கேட்ட இன்வாய்ஸ்கள் உரிய நேரத்தில் வரவில்லை. வேலை முடிய 32 மணி நேரம் ஆகிவிடுகிறது. உண்மையை எழுதினால் திறமை குறைந்தவர் என்ற பெயர் வரும் என்று அஞ்சி, அவர் 20 என்றே எழுதுகிறார். அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு அந்த 20-ஐப் பார்த்தே போடப்படுகிறது, சில வேளைகளில் 18 ஆகக் குறைக்கவும் படுகிறது. பிறருடைய கணக்கில் பொய் இருக்கிறதா என்று தேடுவதைத் தொழிலாகக் கொண்ட இடத்தில், முதல் ஆண்டிலேயே தன் உழைப்பைப் பற்றிப் பொய்க் கணக்கு எழுதப் பழகுகிறவருக்கு அந்தத் தொழில் மீது மதிப்பு எப்படி வரும்?

கற்பித்தலின் நிலையும் இதுவே. "ஆதாரம் போதாது", "மீண்டும் பார்க்கவும்" என்று ரிவ்யூ குறிப்பு வருகிறதே ஒழிய, எது போதாது, ஏன் போதாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மேலாளருக்கு நேரமில்லை. சொன்னாலும் அந்த நேரத்தை எந்தப் பணியின் கணக்கிலும் எழுத முடிவதில்லை. வவுச்சர் சரிபார்ப்பும் வங்கிக் கணக்கு ஒப்பீடும் மென்பொருளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்நாளில் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பது இன்னும் முக்கியமாகிறது. அவை சலிப்பான வேலைகள், போகட்டும். ஆனால் ஆண்டின் கடைசி நாளில், சில்லறை இல்லாத முழுத் தொகையாக, விளக்கமின்றி விழும் ஒரு பதிவைக் கண்டதும் சந்தேகம் எழும் பழக்கம் அந்தச் சலிப்பான வேலையில்தான் உருவாயிற்று. இனி அதைத் தனியே நேரம் ஒதுக்கிக் கற்றுத்தர வேண்டியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பணியின் ஒதுக்கீட்டிலும் பயிற்றுவிக்கும் நேரத்துக்கென ஒரு வரி இருக்க வேண்டும். கூடுதல் நேரத்தை உள்ளபடி எழுதும் இளையவரைக் குறைத்து மதிப்பிடாமல், அந்தப் பணியின் சிக்கலைக் காட்டும் தகவலாக அதை ஏற்க வேண்டும். மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டில், அவரிடம் வேலை கற்றவர்களில் எத்தனை பேர் நிறுவனத்தில் தொடர்கிறார்கள் என்பதும் இடம்பெற வேண்டும். வேலைக்கு 32 மணி நேரம் தேவைப்பட, கட்டணம் 20 மணி நேரத்துக்குத்தான் கிடைக்கிறது என்றால், அதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தின் பார்ட்னர்; அந்தப் பற்றாக்குறையைத் தன் இரவுத் தூக்கத்தால் ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு நேற்றுச் சேர்ந்தவருக்கு இல்லை.

இப்படிக்கு,
தணிக்கைத் துறையில் பணியாற்றும் வாசகர்