கிளையை வெட்டத் தயங்காதே

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் ஆசி.

இனி உன் அத்திக்கு வருவோம். கைவிரல்போல் பிளந்த சொரசொரப்பான இலை என்கிறாய். அப்படியானால் அது சீமை அத்திதான். அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு. பூனா, டயானா ரகங்கள் காய்க்க மகரந்தமும் வேண்டாம், அதைச் சுமந்துவரும் குளவியும் வேண்டாம். அதனால் ஒற்றை மரம் போதும்.

மரம் உயர்ந்துகொண்டே போய் உச்சியில் நாலு காய் மட்டும் நிற்பதற்குக் காரணம், நீ வெட்டாமல் விட்டதுதான். இந்த வருடம் துளிர்க்கும் கொம்பில், இலைக்கணுவில்தான் காய் வரும். துளிர் எத்தனையோ அத்தனைக்குக் காய். தை பிறந்ததும், மழை ஓய்ந்த பிறகு, நாலு நல்ல கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று கணு விட்டு, மொட்டுக்கு அரை அங்குலம் மேலே வெட்டு. வெட்டில் வடியும் பால் கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் கொப்பளிக்கும், கையுறை போட்டுக்கொள். காய் கோடையில் பழுக்கும். புனே பக்கம் புரந்தரில் கோடை அத்தியை ‘மீட்டா பஹார்’ என்பார்கள், மழைக்கால அத்தியை ‘கட்டா பஹார்’ என்பார்கள். இனிப்பு, புளிப்பு என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் இலை கொட்டியது என்றாயே, இலையின் அடியில் காவிப்பொடி இருந்ததா? இருந்தால் துருநோய், ஒரு பூஞ்சை நோய். மரம் சாகாது, ஆனால் காய் சிறுத்துப்போகும். விழுந்த இலையை எரித்துவிடு. மழைக்கு முன்பே பூஞ்சையைத் தடுக்கும் ஒரு சத போர்டோக் கலவை அடி. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராமை அரை லிட்டர் நீரில் கரை. சுட்ட சுண்ணாம்பு 10 கிராமை வேறு அரை லிட்டரில் நீற்றி வடிகட்டு. இரண்டும் பிளாஸ்டிக் வாளியில்தான். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கிப் பார். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர். இல்லாவிட்டால் இலை கருகும். அன்றே அடித்து முடித்துவிடு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

யூரியாவை நிறுத்து. அது இலையைத்தான் கொழுக்கவைக்கும். தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போதும். மணல் மண்ணில், வேரில் முடிச்சு போடவைக்கும் நுண்ணிய நூற்புழுவுக்கு அத்தி எளிதில் ஆளாகும்; அதை அடக்கத்தான் புண்ணாக்கு. காய் பருக்கும்போது காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும், எறும்பு புகுந்துவிடும். தண்ணீரைச் சீராக விடு. காம்பு தொய்ந்து பழம் தலை கவிழ்ந்த பிறகு பறி. அதற்கு முன் பறித்தால் வீட்டில் வைத்தாலும் பழுக்காது.

வெட்டிய குச்சிகளை எறிந்துவிடாதே. பென்சில் கனத்தில், நாலு கணுவோடு, இருபது சென்டிமீட்டர் நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள் இருக்கும்படி நிழலில் ஊன்று. இரண்டை எனக்கென்று வை. சித்திரையில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராஜு