ரசீது அடிக்கட்டைகளை எடைக்குப் போட்டுவிடாதே

நியூயார்க்
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பேரனுக்குக் காய்ச்சல், மகளுக்கு ஆபீஸில் லீவு இல்லை. ராத்திரி பகலாக நான்தான் பக்கத்தில் இருந்தேன். இன்று காலை எழுந்ததும் தோசை கேட்டான். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியும் நீ அந்த ஆராய்ச்சி மையத்தின் மாடிக்குத் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருப்பாய், எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கட்டடம் மாறுகிறது, சுவடிகளையும் புத்தகங்களையும் பத்திரமாகக் கொண்டுபோக ஏற்பாடு ஆகிவிட்டது, ஆனால் மூன்று பீரோ நிறைய இருக்கும் ஆபீஸ் ஃபைல்களை எடைக்குப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "நம்ம ரசீதையும் மினிட்ஸையும் யார் வந்து படிக்கப் போகிறார்கள் வசந்தா?" என்றும் கேட்டிருந்தாய். போன மாதமாக இருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். இங்கே ஒரு நிறுவனத்தின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதில் நீளும், பொறுத்துக்கொள்.

மன்ஹாட்டனில் 16வது தெருவில் யூத வரலாற்று மையம் என்று ஒரு கட்டடம். ஐந்து நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அதில் ஒன்று யிவோ. 'யிடிஷ் அறிவியல் நிறுவனம்' என்பதன் சுருக்கம் அது. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் வீட்டில் பேசிய மொழி யிடிஷ். அந்த மொழியையும் அதைப் பேசியவர்களின் வாழ்க்கையையும் ஆராய 1925ல் இதைத் தொடங்கினார்கள். தலைமையகம் வில்னா. இன்றைக்கு லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸ்தான் அது. அப்போது போலந்தில் இருந்தது. மாக்ஸ் வைன்ரைக் என்ற மொழியியல் அறிஞர்தான் அதற்கு உயிர்மூச்சு. ஐன்ஸ்டீன், ஃபிராய்டு எல்லாம் கௌரவக் குழுவில் இருந்தார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் சொந்த அரசாங்கம் என்று ஒன்று கிடையாது. ஏழைபாழைகள் அனுப்பிய காசில் நடந்தது.

காசு மட்டுமா? பொருளும் அவர்கள் அனுப்பியதுதான். ஊர் ஊராகச் சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். யிடிஷில் ஸாம்லர் என்பார்கள். சம்பளம் கிடையாது. பாட்டி சொன்ன பழமொழி, குழந்தைகள் விளையாட்டுப் பாட்டு, நாடக நோட்டீஸ், ஜெபக்கூடத்துப் பழைய கணக்குப் புத்தகம், எது கிடைத்தாலும் தபாலில் வில்னாவுக்கு அனுப்பினார்கள். அப்புறம் 1932, 1934, 1939 என மூன்று முறை இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி வைத்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவை வந்து சேர்ந்தன. கடைசிப் போட்டியின் பரிசை 1939 செப்டம்பர் 1ஆம் தேதி அறிவிப்பதாக இருந்தது. அன்றைக்குத்தான் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. நான் இதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன், மங்கை. தனக்குப் பரிசு உண்டா இல்லையா என்று அன்று காலை எத்தனை பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

1941 ஜூனில் ஜெர்மானியர்கள் வில்னாவைப் பிடித்தார்கள். யூதப் புத்தகங்களையும் ஆவணங்களையும் கொள்ளையடிக்கவே ரோசன்பர்க் என்ற நாஜித் தலைவரின் கீழ் ஒரு படைப்பிரிவு இருந்தது. பிராங்பர்ட்டில் 'யூதப் பிரச்சினை'யை ஆராய என்று அவர்கள் நிறுவனம் ஒன்று திறந்திருந்தார்கள். அதற்குச் சரக்கு வேண்டும். யிவோ கட்டடத்தையே கிடங்காக்கி, கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதியில் இருந்த யூத அறிஞர்களையும் கவிஞர்களையும் அங்கே வேலைக்கு இழுத்துவந்தார்கள். எது ஜெர்மனிக்கு, எது காகித ஆலைக்கு என்று அவர்களையே பிரிக்க வைத்தார்கள். நூற்றுக்கு எழுபது ஆலைக்குப் போக வேண்டும் என்று கணக்கு. கெட்டோ ஜனங்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'காகிதப் படை'. நாற்பது பேர் வரை இருந்தார்கள். சாயங்காலம் திரும்பும்போது சட்டைக்குள்ளும் இடுப்பிலும் காகிதம் சுற்றிக்கொண்டு வாசல் சோதனையைத் தாண்டினார்கள். பிடிபட்டால் உயிர் போகும். அவர்களில் ஒருவரான கவிஞர் சுட்ஸ்கேவர், வீட்டு அடுப்பெரிக்கக் கழிவுத்தாள் வேண்டும் என்று ஜெர்மன் அதிகாரியிடமே எழுத்தில் அனுமதி வாங்கினார். அந்தச் சீட்டைக் காட்டிக் கொண்டுபோன கழிவுத்தாளில் டால்ஸ்டாய், கார்க்கி கடிதங்கள் இருந்தன.

இது வரைக்கும் பலருக்கும் தெரிந்த கதை. என்னைப் பிடித்துக்கொண்டது இதற்கப்புறம் வருவது.

ஜெர்மனிக்கு அனுப்பியவற்றில் ஒரு பகுதியைப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் கண்டுபிடித்தது. பிராங்பர்ட்டுக்குப் பக்கத்தில் ஆஃபன்பாக் என்ற ஊரில் ஒரு பெரிய கிடங்கில், ஐரோப்பா முழுக்கக் கொள்ளையடித்த புத்தகங்களும் ஆவணங்களும் லட்சக்கணக்கில் குவிந்தன. பிரிப்பதற்கு உள்ளூர் ஜெர்மானியர்களை வேலைக்கு வைத்தார்கள். அவர்களுக்கு ஹீப்ரு எழுத்து ஒன்றும் தெரியாது. ஐசக் பென்கோவிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகத்தின் உள்ளே இருக்கும் நூலக முத்திரைகளையெல்லாம் போட்டோ எடுத்து, ஆளுக்குச் சில முத்திரைகளைக் கொடுத்து, உருவத்தை மனப்பாடம் பண்ண வைத்தார். உன் முத்திரை வந்தால் எடுத்து உன் பெட்டியில் போடு, இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளு. அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத மொழியின் புத்தகம் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, யாரோ ஒரு நூலக உதவியாளர் அலுத்துக்கொள்ளாமல் பக்கம் திருப்பி முத்திரை குத்தியதால். நாம் இரண்டு பேரும் எத்தனை ஆயிரம் குத்தியிருப்போம்! விரலில் ஊதா மை போகாமல் கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

யிவோவின் பங்கு அதன் கைக்கு வந்து சேர்வதும் சுலபமாக நடக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து எடுத்தார்களோ அந்த நாட்டுக்கே திருப்புவது என்பதுதான் பொது விதி. வில்னா அப்போது சோவியத் பிடியில் இருந்தது. 1940லேயே வைன்ரைக் நியூயார்க் வந்து சேர்ந்து, தலைமையகத்தையும் இங்கே மாற்றியாகிவிட்டது. வில்னாவில் இருந்த அதே நிறுவனம்தான் நாங்கள், இது எங்கள் சொத்து என்று அமெரிக்க அரசை ஒப்புக்கொள்ள வைக்க அவர் விடாமல் எழுதினார். 1947ல் 420 பெட்டிகள் கப்பலேறின. நாங்கள்தான் அந்த நிறுவனம் என்று ஒருவர் எதை வைத்துச் சொல்ல முடியும்? எடுத்த தீர்மானம், எழுதிய கடிதம், கையெழுத்து, முத்திரை. உன் மூன்று பீரோவில் இருப்பதும் அதே சாதிச் சரக்குதான்.

இன்னொரு பகுதி வில்னாவிலேயே நின்றுவிட்டது. 1944ல் ஜெர்மானியர்கள் வில்னாவை விட்டுப் போனதும் திரும்பிய சுட்ஸ்கேவரும் அவர் நண்பர்களும் ஒளித்து வைத்ததைத் தோண்டியெடுத்து யூத அருங்காட்சியகம் ஆரம்பித்தார்கள். 1949ல் சோவியத் அரசு அதை மூடியது. அந்தக் காகிதம் நூல் பதிவகம் என்ற அரசு அலுவலகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் தலைவர் அண்டானஸ் உல்பிஸ் யூதர் இல்லை, லித்துவேனியர். யிடிஷ் காகிதம் என்றால் அழிக்கச் சொல்லும் காலம். அவர் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் மற்றக் காகிதங்களுக்கு அடியில் அதை ஒளித்து வைத்தார். 1980களின் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 2017ல் இன்னும் 1,70,000 பக்கங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

அப்படித் தப்பியவற்றில் யிவோவின் சொந்த ஆபீஸ் காகிதமும் இருக்கிறது. சேகரிப்பாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, நிர்வாகக் கோப்புகள், வரவு செலவு. இதைத்தான் உனக்குச் சொல்ல இவ்வளவு சுற்றி வந்தேன். ஒரு ஸாம்லர் அனுப்பிய பழமொழித் தாளை மட்டும் காப்பாற்றினால் பழமொழி கிடைக்கும். அந்தத் தாள் எந்த ஊரிலிருந்து, யார் கையால், எப்போது வந்தது, அதற்கு வில்னாவிலிருந்து என்ன பதில் போனது என்பதை ஆபீஸ் ஃபைல்தான் சொல்லும். அந்த ஊர்களில் பல இன்று யூதர் ஒருவரும் இல்லாத ஊர்கள். அனுப்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறை இல்லை. பெயர் எங்கோ ஒரு ஃபைலில் மட்டும் நிற்கிறது.

2015லிருந்து 2022 வரை நியூயார்க்கும் வில்னியஸும் சேர்ந்து, இரண்டு பக்கமும் இருப்பதை ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வலையேற்றின. நாற்பது லட்சம் பக்கங்களுக்கு மேல். பேரன் தூங்கிய பிறகு ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன். வலமிருந்து இடமாக எழுத்து. ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தாளின் ஓரத்தில் பஞ்சிங் ஓட்டை இரண்டு. மூலையில் குண்டூசி இருந்த இடத்தில் துருக்கறை. கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை, கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அவசரத்தில் குத்தியிருக்கிறார்கள். ஏதோ நம் ஆபீஸ் ஃபைலையே பார்த்த மாதிரி இருந்தது.

அந்த வில்னா கெட்டோவில் ஹெர்மன் க்ரூக் என்று ஒரு நூலகர் இருந்தார். பட்டினிக்கும் சாவுக்கும் நடுவில் அவர் நூலகம் நடத்தினார். 1942 டிசம்பரில் ஒரு லட்சமாவது புத்தகம் இரவல் போனதை விழாவாகவே கொண்டாடினார்கள். ஒரு லட்சம் என்று எப்படித் தெரியும்? அந்த இடத்திலும் ஒருவர் தினமும் இரவல் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார், அதனால். 1944ல் எஸ்தோனியாவில் கொல்லப்படுவதற்கு முதல் நாள் தன் நாட்குறிப்பை மண்ணில் புதைத்தார். அதுவும் கிடைத்தது.

சரி, உன் பீரோவுக்கு வருவோம். நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் கட்டடம் மாறியபோது நன்கொடைக் கடிதங்களையும் ரசீது அடிக்கட்டைகளையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் அன்றைக்கு லீவு. ஆறு வருஷம் கழித்து ஒருவர் வந்தார். தன் தாத்தா கொடுத்த பத்திரிகைத் தொகுப்பு எங்கே என்று கேட்டார். தொகுப்பு கண்முன்னால் அலமாரியில் இருக்கிறது. அதில் அவர் தாத்தா கொடுத்தது எது, பழைய கடையில் வாங்கியது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலை குனிந்து நின்றேன். அந்த மனிதர் தாத்தாவின் பெயரை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டு இன்னும் என் டைரியில் இருக்கிறது.

அதனால் மினிட்ஸ் புத்தகம், உள்வரவுப் பதிவேடு, நன்கொடைக் கடிதம், ரசீது அடிக்கட்டை, வருகைப் பதிவேடு இவற்றில் ஒன்றையும் விடாதே. வருகைப் பதிவேட்டைத்தான் எல்லோரும் முதலில் எறிவார்கள்; யார் யார் வந்து எதைப் படித்தார்கள் என்பது அதில் மட்டும்தான் இருக்கும். கரண்ட் பில், அச்சடித்த வெற்றுப் படிவம், ஒரே சுற்றறிக்கையின் நாற்பது பிரதி, இதெல்லாம் போகட்டும், கவலைப்படாதே. ஃபைல் இருக்கிற வரிசையைக் கலைக்காதே. தலைப்பு வாரியாகப் புதிதாக அடுக்கித் தருகிறேன் என்று யாராவது ஆர்வமாக வந்தால் அன்பாகத் தடுத்துவிடு. அந்த ஆபீஸ் எப்படி யோசித்தது என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. எந்த பீரோ, எந்தத் தட்டு என்று முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த பின்னையும் எடு. செல்லோ டேப் ஒட்டாதே. ஊழியர்களின் சொந்த ஃபைல்கள் இருந்தால் தனியாகக் கட்டி வை. அதை உடனே எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது.

இயக்குநர் ஓய்வு பெறுகிறார் என்றாயே, அவருடைய இ-மெயிலை யார் வாங்கி வைக்கிறார்கள்? பதினைந்து வருஷக் கடிதப் போக்குவரத்து அதில்தான் இருக்கும். பாஸ்வேர்டோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டால், எடைக்குப் போட்ட மாதிரிதான். இதை நேரில் கேள், தயங்காதே.

எடைக்காரர் வரும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா பார். நான் பிப்ரவரி கடைசியில் வந்துவிடுவேன், இரண்டு பேரும் உட்கார்ந்தால் மூன்று பீரோ பெரிய வேலை இல்லை. சாவி தொலைந்த பீரோவுக்குப் பூட்டுக்காரரைக் கூப்பிடு, கடப்பாரை போட வேண்டாம். ஃபைலில் நம்பர் போட நல்ல பென்சில் இரண்டு டஜன் இங்கிருந்து வாங்கி வருகிறேன். பேனாவில் எதையும் எழுதிவிடாதே.

உன்
வசந்தா