பின் சீட்டில் நான் உட்கார்ந்து பார்த்தேன்

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பி,

நீ எழுதியிருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் இன்று போய்ப் பார்த்துவிட்டேன். எஞ்சின் எத்தனை சிசி, லீற்றருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை கை மாறியது என்றெல்லாம் எழுதியிருந்தாய். இரண்டு பேருமாகத் தூரப் பயணம் போகத்தான் வண்டி, ஆனால் பின்னால் மருமகள் எப்படி உட்காருவாள் என்று ஒரு வரி இல்லை. உன் அப்பாவின் மகன்தானே.

பஞ்சிகாவத்தையிலிருந்து அப்பாவின் பழைய மெக்கானிக்கைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டிவிட்டார். நான் கூப்பிட்டால் காது கேட்பதில்லை. எஞ்சின் முனகினால் மட்டும் கேட்கிறது.

முதலாவது தெஹிவளையில். பளபளப்பான வண்டி, உனக்குப் பிடித்திருக்கும். "நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் ஏறுகிறேன்" என்றேன். விற்கிறவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் வானத்தைப் பார்த்தார். இதற்கென்றே சல்வார் போட்டுக்கொண்டு போயிருந்தேன். காலி வீதியில் கல்கிசை வரை போய்த் திரும்பினோம். அதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பின் சீட் ஓட்டுபவரின் தோளை எட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் முதுகில் போய் மோதினேன், பாவம். சேலை சில்லில் சிக்காமலிருக்கக் கம்பனி போட்டுத் தந்த தடுப்பையும் அழகுக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பது வேறொருவர் பெயர். கையொப்பம் மட்டும் வைத்த பெயர்மாற்றப் படிவம் ஒன்றைக் காட்டி, எல்லாம் சரி என்றார். அந்த ஆள் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. விட்டுவிடு.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்ததும் அப்பாவும் நானும் அவருடைய ஹொண்டா ரோட்மாஸ்டரில் யாழ்ப்பாணம் போனோம். நீ அப்போது அம்மம்மாவுடன் இங்கே நின்றாய். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அந்த வண்டி வேகமானது இல்லை. ஆனால் இரட்டைச் சிலிண்டர், அதிர்வு குறைவு. சீட் தட்டையாகவும் நீளமாகவும் பள்ளிக்கூட வாங்கு மாதிரி இருக்கும். வன்னிக்குள் வீதியெல்லாம் குழி. இறங்கிக் கால் நீட்டலாம் என்றால் ஓரத்தில் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள். ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்காக இறங்கச் சொன்னபோது மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹாண்டில் இருக்கிறது, பார்க்க வீதி இருக்கிறது. பின்னால் இருப்பவளுக்குக் குழி வருவது விழுந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது வண்டி கொட்டாஞ்சேனையில். பல்சர் 150. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் டிஸ்க் பிரேக் போட்டு 2018இல் வந்த வகையில் சீட் இரண்டாகப் பிரிந்துவிட்டது; இது அதற்கு முந்தியது, ஒரே நீளச் சீட். பின்னால் பிடிக்கக் கம்பி இருக்கிறது, சேலைத் தடுப்பும் இருக்கிறது. கால் மிதி சரியான இடத்தில் வருகிறது. கால் மணி நேரம் இருந்தேன், இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக் வந்தவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாமாம். குளிர்ந்துதான் இருந்தது, ஒரே உதையில் பிடித்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் எரிந்தால் வரும் நீலப் புகை இல்லை. பிறகு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் ஒரு முறை போனார். பின் மட்காட் டயரில் உரசியது. வலது பக்க ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிகிறது. ஒன்றை மாற்றினால் போதாது, சோடியாக மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிய பின் ஸ்பிரிங்கை இரண்டு பேர் பாரத்துக்கு இறுக்கி வைக்க மறக்காதே. பின் டயரின் பூ தேயாமல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் 2316 என்று இருக்கிறது: 2016ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. இறப்பர் கல்லாகிவிட்டது, மாற்று. காற்றும் தனியாகப் போகும்போது வைக்கிற அளவு காணாது. பின் டயருக்கு 28 பிஎஸ்ஐ என்றால் ஆள் ஏறியதும் 32. விலையில் இதையெல்லாம் கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்கிறார். முடிந்திருக்கட்டும், பெயரை நீக்கி எடுத்து வரட்டும். அதுவரை முற்பணமாகக்கூட ஒரு சதம் கொடுக்காதே.

அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று பஸ்களுக்கும் லொறிகளுக்கும் நடுவில்தான் போகப் போகிறீர்கள். பின்னால் ஆளும் பையும் இருந்தால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும், முந்தவும் கூடுதல் தூரம் வேண்டும். பையைச் சீட்டுக்குப் பின்னால் உயரமாகக் கட்டாதே, முன்பக்கம் லேசாகிவிடும்; இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடு. மருமகளுக்கு ஹெல்மெட் புதிதாக வாங்கு. விற்கிறவர் இனாமாகத் தருவதாகச் சொன்ன பழையது வேண்டாம்.

சனிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேருமாக நீர்கொழும்பு வரை ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள், இடியப்பமும் சொதியும் வைத்திருப்பேன். வண்டி எப்படி என்று உன்னைக் கேட்கமாட்டேன், அவளைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா