டெம்பிள் மலை ஏற வரும் ஆறு பேருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

டொராண்டோவிலிருந்து டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திட்டத்தைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வெள்ளி இரவு கல்கரியில் இறங்கி, சனிக்கிழமையே பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் மவுண்ட் டெம்பிள் உச்சி, ஞாயிறு விமானம். தயவுசெய்து இப்படி வராதீர்கள். இதே மாதிரித் திட்டம் போடும் மற்றக் குழுக்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

டெம்பிள் 3,540 மீட்டருக்கும் மேல். மொரெய்ன் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறி, அவ்வளவையும் இறங்கியாக வேண்டும். சென்டினல் கணவாய் வரை நல்ல பாதை. அதற்கு மேலேதான் ஸ்க்ராம்பிளிங், அதாவது கயிறில்லாமல் கையும் காலும் ஊன்றிப் பாறையில் ஏறுவது. இந்த ராக்கீஸ் மலைத்தொடரின் சுண்ணாம்புப் பாறையை நம்பிப் பிடிக்க முடியாது, பிடித்த கல் கையோடு வரும். மேலே போகிறவர் காலில் தட்டுப்பட்ட கல் கீழே வருகிறவர் தலைக்குத்தான் வரும், அதனால் ஆறு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வண்டி போக முடியாது. தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும், மலையேறுகிறவர்களுக்காக விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ்ஸும் உண்டு. இதில் ஒரு நல்ல விஷயம், கணிசமான இருக்கைகளை இரண்டு நாள் முன்னால் காலை 8 மணிக்குத்தான் திறக்கிறார்கள். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு எந்த நாளில் ஏறுவது என்று முடிவு செய்யலாம். ஆகஸ்டிலும் மேலே பனி விழும், பிற்பகலில் இடி இறங்கும். ஆனால் கையில் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? குறைந்தது நான்கு நாள் வையுங்கள். முதல் நாள் லேக் லூயிஸிலிருந்து ஃபேர்வியூ மலை ஏறுவோம், 2,744 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் எதிரே டெம்பிள் நிற்கும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு உயரம் பயம் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னொன்று. கரடி நடமாட்டத்துக்காக லார்ச் பள்ளத்தாக்கு, சென்டினல் கணவாய்ப் பக்கம் குறைந்தது நான்கு பேர் நெருக்கமாகச் சேர்ந்து நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள், அது சட்டம். அந்த உத்தரவு இருக்கும்போது நீங்கள் ஆறு பேரில் இருவர் கணவாயில் களைத்துப் போனால் என்ன செய்வீர்கள்? அந்த இருவர் தனியாக இறங்க முடியாது. இன்னொரு குழுவோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பி மலைக்குப் போகக் கூடாது. அப்போ ஒருவர் திரும்பினால் ஆறு பேரும் திரும்ப வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஒத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் மனம் வராது, களைத்தவரும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கமாட்டார்.

1955 ஜூலை 11 அன்று இதே மலையில் பனிச்சரிவில் சிக்கி ஏழு அமெரிக்கச் சிறுவர்கள் செத்துப்போனார்கள். போதிய உடையும் கருவியும் இல்லாமல் ஏறியவர்கள். அந்தப் பாதையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும்.

கரடி ஸ்பிரேயை, அதாவது கரடி பாய்ந்து வந்தால் அதன் முகத்தில் அடிக்கும் மிளகாய் ஸ்பிரேயை, விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே வாங்கிக்கொள்ளலாம். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், சேட்டிலைட் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது.

சரி, இந்த வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு பதில் எழுதுங்கள். டிக்கெட்டை மாற்ற முடியுமா? ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்புவது சம்மதமா? எங்கே நின்றாலும் பகல் 12 மணிக்கு இறங்கத் தொடங்குவது சம்மதமா? ஆறு பேரும் சரி என்றால்தான் நான் பஸ்ஸில் இடம் பிடிப்பேன்.

அன்புடன்,
கல்கரியிலிருந்து உங்கள் நண்பன்